காசில் பொறித்த தெய்வம்

ஓர் உருவத்தில் புனிதம் எங்கே உறைகிறது என்ற கேள்வியைச் சமய மெய்யியல் பெரும்பாலும் கோயில் திருமேனிகளை முன்வைத்தே ஆராய்ந்து வந்துள்ளது. திருமேனி ஓரிடத்தில் நிலைபெற்றது. அதை அணுகுவோர் நீராடி, நோன்பிருந்து அணுகுகின்றனர். அதற்கென்று பூசையும் பூசை செய்வோரும் உண்டு. ஆகவே புனிதம் கல்லில் இருக்கிறதா, கல்லுக்குத் தந்த வடிவத்தில் இருக்கிறதா, பிரதிட்டைச் சடங்கில் இருக்கிறதா, வணங்குவோர் உள்ளத்தில் இருக்கிறதா என்று பிரித்துக் காண்பது அங்கே அரிதாகிறது; நான்கும் ஒன்றோடொன்று கலந்தே நிற்கின்றன. இவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்க்க இடம் தரும் பழம்பொருள் ஒன்று உண்டென்றால் அது உரோமப் பேரரசின் காசுதான். தெய்வமென்றோ தெய்வத்தின் மகனென்றோ அரசே அறிவித்த ஒருவரின் முகம் அதில் இருந்தது. அதே முகம் மீன் கடையிலும் சுங்கச் சாவடியிலும் பரத்தையர் இல்லத்திலும் கைமாறியது. கருவறைக்குள் வைத்துக் காக்க முடியாத, காத்தால் பயனே இழந்துபோகும் ஒரு தெய்வ உருவம் அது.

இக்கேள்விக்கு மிக நெருக்கமாக நிற்கும் காசு, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸின் தினாரியஸ் என்னும் வெள்ளிக்காசு. இன்றைய பிரான்சின் லியோன் நகரமான லுக்துனும் அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் சாலையில், இது பெருந்தொகையாக அடிக்கப்பட்டது. ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 4 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட இதன் முன்பக்கத்தில் இலைமாலை சூடிய பேரரசனின் தலை வலப்புறம் நோக்கியிருக்கும். சுற்றிலும் உள்ள சுருக்க எழுத்துகளை விரித்தால் ‘திபேரியஸ் சீசர் அகஸ்டஸ், தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்’ என்று பொருள்படும். பின்பக்கத்தில் ஒரு பெண் ஆசனத்தில் அமர்ந்து, ஒரு கையில் செங்கோலும் மறு கையில் இலைக்கிளையும் ஏந்தியிருக்கிறாள். அவள் அமைதித் தேவியா, பேரரசனின் தாய் லிவியாவா என்பது இன்றும் வழக்காகவே உள்ளது. அவளைச் சுற்றிய எழுத்துகளோ, பேரரசனே உரோமச் சமயத்தின் தலைமைக் குரு என்று அறிவிக்கின்றன. சமயப் பட்டம் ஒன்றும் தெய்வப் பிறப்பு ஒன்றும் ஒரு விரல் நுனியில் அடங்கும் வெள்ளித் துண்டின் இரு பக்கங்களில் இவ்வாறு ஏறியிருக்கின்றன.

மாற்கு, மத்தேயு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தி நூல்களும் சொல்லும் ஒரு நிகழ்ச்சியில், சீசருக்கு வரி கொடுப்பது முறையா என்று இயேசுவிடம் சிலர் கேட்கின்றனர். அவர் ஒரு தினாரியஸைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று வினவி, சீசருடையவை என்ற மறுமொழி வந்ததும், அவனுடையதை அவனுக்கும் கடவுளுடையதைக் கடவுளுக்கும் கொடுத்துவிடுமாறு கூறுகிறார். அந்தக் காசு எந்த அச்சினது என்று நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. காலத்தை வைத்தும் புழக்கத்தை வைத்தும் மேலே சொன்ன திபேரியஸ் காசே அது என்று பிற்காலத்தார் கொண்டனர். அதனால் சேகரிப்பாளரிடையே அதற்கு ‘வரிக்காசு’ என்ற பெயரும் நிலைத்தது. இது மெய்ப்பிக்கப்பட்ட செய்தியன்று, ஏற்கத்தக்க ஊகமே. எனினும் அவர் உருவத்தை மட்டும் கேட்டு நிற்காமல் எழுத்தையும் சேர்த்துக் கேட்டார் என்பது கவனத்துக்குரியது. எழுத்தில்தான் தெய்வ உரிமை இருந்தது. அந்த உரிமையை ஏற்காமலும் மறுத்துச் சண்டையிடாமலும் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற மூன்றாம் வழி அந்த விடையில் திறக்கிறது.

அந்தத் தெய்வ உரிமை எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் முகம், அவர் உயிரோடு இருக்கும்போதே, உரோம நகரில் அடித்த காசில் இடம்பெற்றது. அதற்குமுன் அங்கே கடவுளரும் இறந்த முன்னோருமே காசில் தோன்றிவந்தனர். சீசர் கொலையுண்டபின் செனட் அவை அவரைத் தெய்வமாக அறிவித்தது. அவருடைய வளர்ப்பு மகன், பின்னாளில் அகஸ்டஸ் எனப்பட்டவர், தம்மைத் தெய்வத்தின் மகன் என்று காசுகளில் எழுதிக்கொண்டார். இங்கே இலத்தீன் மொழியின் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ள வேண்டும். ‘தேயுஸ்’ என்பது என்றும் இருக்கும் கடவுளைக் குறிக்க, ‘திவுஸ்’ என்பது அரச வழக்கில் மனிதராகப் பிறந்து, இறந்தபின் அவையின் தீர்மானத்தால் தெய்வநிலை எய்தியவரைக் குறித்தது. இந்தத் தெய்வமாக்கல் சடங்குக்குக் ‘கொன்செக்ராட்டியோ’ என்று பெயர். கி.பி. 211இல் இறந்த செப்டிமியஸ் செவெரஸின் இறுதிச் சடங்கை வரலாற்றாசிரியர் ஹெரோடியன் விவரிக்கிறார். பேரரசனைப் போன்ற மெழுகு உருவம் படுக்கையில் கிடத்தப்பட்டு, அடுக்கடுக்காகக் குறுகி உயரும் மரக் கட்டடத்தில் வைத்து எரியூட்டப்பட, உச்சியிலிருந்து பறக்கவிடப்பட்ட கழுகு அவனுடைய உயிரை விண்ணுக்குச் சுமந்து செல்வதாக மக்கள் நம்பினர். அந்த அடுக்குச் சிதையும் அந்தக் கழுகும் 2ஆம், 3ஆம் நூற்றாண்டுக் காசுகளில் அப்படியே காணப்படுகின்றன. நன்கு அச்சேறிய ஒரு காசில் சிதையின் ஒவ்வொரு அடுக்கிலும் தொங்கும் மாலைகளையும் உச்சியில் நிற்கும் தேரையும்கூடக் கண்டுகொள்ளலாம்.

பேரரசியரும் இவ்வாறு தெய்வமாயினர். அந்தொனினஸ் பயஸின் மனைவி மூத்த பௌஸ்தினா கி.பி. 140இல் இறந்தபின் அவள் பெயரில் அடிக்கப்பட்ட காசுகள், உயிரோடிருந்தபோது அடிக்கப்பட்டவற்றைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. ‘என்றுமுள்ள தன்மை’ என்ற பொருளுடைய எழுத்தோடு விண்மீனும் மயிலும் முக்காடிட்ட தேவியும் அவற்றில் மாறிமாறி வருகின்றன. இவற்றை வெறும் அரசியல் விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவது இக்கால அறிஞர் சிலருக்கு எளிதாக இருந்திருக்கிறது. அது பொருத்தமான முடிவு அன்று. அரசியல் ஒரு துறை, சமயம் வேறொரு துறை என்ற பிரிவினையே அந்த மக்களிடம் இல்லை. கோயில் கட்டப்பட்டு, பூசகர் அமர்த்தப்பட்டு, பலி இடப்பட்ட ஒருத்தியை அவர்கள் பொய்த்தெய்வமாகக் கருதினர் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை.

ஆயினும் அவையின் தீர்மானத்தால் வந்த தெய்வநிலை தீர்மானத்தால் போகவும் கூடியதாகவே இருந்தது. பேரரசன் காலிகுலா கொல்லப்பட்டபின் அவன் உருவம் தாங்கிய செம்புக்காசுகளை உருக்கிவிடச் செனட் அவை ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதுகிறார். பேரரசன் கராகல்லா தன் தம்பி கெட்டாவைக் கொன்று அவன் நினைவையே அழிக்க ஆணையிட்டபின், இருவரும் எதிரெதிரே நோக்கியிருக்கும் சிற்றாசிய நகரக் காசுகளில் தம்பியின் முகம் மட்டும் தேய்த்து அழிக்கப்பட்டது. அக்காசுகளில் ஒருபுறம் அண்ணன் நிற்க, அவனுக்கு எதிரே வெறும் உலோகப் பள்ளமே இன்று தெரிகிறது. கொம்மோடஸின் கதையோ இன்னும் வியப்புக்குரியது: கி.பி. 192இன் இறுதியில் கொலையுண்டவுடன் அவையால் பழிக்கப்பட்ட அவன், சில ஆண்டுகளிலேயே செப்டிமியஸ் செவெரஸின் அரசியல் தேவைக்காகத் தெய்வமாக்கப்பட்டான். பின்னர் தெசியஸ் ஆட்சியில், கி.பி. 250 அளவில், பழைய தெய்வப் பேரரசர் பதினொருவரின் நினைவாக ஒரு காசு வரிசை அடிக்கப்பட்டபோது, அகஸ்டஸ், டிராஜன், மார்க்கஸ் அவுரேலியஸ் ஆகியோரோடு கொம்மோடஸும் அதில் இடம்பெற்றான். முறைப்படி தெய்வமாக்கப்பட்ட கிளாடியஸோ விடுபட்டான். பேரரசின் குடிகள் அனைவரும் கடவுளருக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டு, பலியிட்டதற்குச் சான்றோலை பெறவைத்து, மறுத்த கிறித்தவரை ஒறுத்தவனும் இதே தெசியஸ்தான். எகிப்தின் மணலில் கிடைத்துள்ள அந்தப் பாப்பிரஸ் சான்றோலைகளையும் இந்தப் பதினொருவர் காசுகளையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது, தடுமாறும் ஓர் அரசு தன் தெய்வங்களை எண்ணிக் கணக்கெடுக்கும் பதற்றம் புலப்படுகிறது.

தெய்வ முகம் தாங்கிய காசை மக்கள் எவ்வாறு நடத்தினர், நடத்தும்படி வற்புறுத்தப்பட்டனர் என்பதற்கு மூன்று பழைய செய்திகள் உள்ளன. திபேரியஸ் காலத்தில் அகஸ்டஸின் உருவம் பொறித்த மோதிரத்தையோ காசையோ கழிப்பிடத்துக்கோ பரத்தையர் இல்லத்துக்கோ எடுத்துச் செல்வது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது என்று உரோம வரலாற்றாசிரியர் சுவெடோனியஸ் கூறுகிறார். திபேரியஸின் உருவம் பொறித்த வெள்ளிக்காசைத் தன் உடலில் வைத்திருந்த அடிமையை அடித்ததற்காக, அவனுடைய உரிமையாளனே தெய்வ நிந்தனை செய்தவனாகக் கருதப்பட்டான் என்று கிரேக்க எழுத்தாளர் பிலொஸ்திராதஸ் பதிவு செய்கிறார். கராகல்லாவின் உருவமுள்ள காசோடு பரத்தையர் இல்லம் சென்ற இளைஞன் ஒருவன் சிறைப்பட்டுக் கொலைத் தண்டனைக்குக் காத்திருந்து, பேரரசன் முந்திக்கொண்டு இறந்ததால் பிழைத்தான் என்று டியோ காசியஸ் சொல்கிறார். இம்மூன்றும் கொடுங்கோன்மையைக் காட்ட எழுதப்பட்டவை. ஆதலால் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் மிகைப்படுத்துவோரும் கேட்போர் நம்பக்கூடிய எல்லைக்குள் நின்றே மிகைப்படுத்துவர்.

இவ்வழக்குகளில் காசு தீட்டுப்படக் கூடாத பொருளாகிறது. அடிமைக்கு அது, அடைக்கலம் புகுந்தவருக்குப் பலிபீடம் தரும் காப்பையே தருகிறது. இருந்தும் அந்தக் காசுக்கு எவரும் நறும்புகை காட்டியதாகவோ மலர் சாத்தியதாகவோ செய்தி இல்லை. கிரேக்கர் வழிபாட்டுக்குரிய திருவுருவத்தை ‘அகல்மா’ என்றும், ஒருவரின் சாயலைக் காட்டும் உருவத்தை ‘எய்கோன்’ என்றும் பிரித்துப் பேசுவதுண்டு. காசின் முகம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதற்கு முதல் வகைக்குரிய விலக்குகளை மட்டும் சட்டம் ஏற்றியபோது, புனிதத்தின் ஒரு பாதி, அதாவது அஞ்சி விலகும் பாதி, உண்டாக்கப்பட்டது. அன்போடு நெருங்கும் மறு பாதியை எந்த ஆணையாலும் உண்டாக்க முடியவில்லை. அச்சத்தையும் பக்தியையும் ஒன்றாகக் காண்போர் இவ்விடத்தில் தயங்கி நிற்க வேண்டியிருக்கும்.

உருவ வழிபாட்டை முற்றிலும் மறுத்த யூதருக்கு இந்தக் காசு அன்றாட நெருக்கடியாக இருந்தது. யூத மரபு நூலான தல்மூது, புனிதர் என்று போற்றப்பட்ட ஓர் அறிஞரைப் பற்றிக் கூறும்போது, அவர் தம் வாழ்நாளில் காசின் உருவத்தைக் கண்கொண்டு பார்த்ததே இல்லை என்பதைப் பெருமையாகக் குறிக்கிறது. எல்லாரும் அவ்வாறு வாழ இயலாது. அவரைத் தனித்துச் சொல்ல வேண்டியிருந்ததே மற்றவர் பார்த்தார்கள் என்பதற்குச் சான்று. இன்னும் ஆழமான செய்தி எருசலேம் கோயிலிலேயே இருக்கிறது. கோயில் வரியாக ஏற்கப்பட்டது தீரு நகரத்தின் வெள்ளிக்காசு. அதன் முன்பக்கத்தில் அந்நகரின் கடவுளான மெல்கார்த்தின் தலையும் பின்பக்கத்தில் கழுகும் இருந்தன. வேற்றுத் தெய்வத்தின் முகம் தாங்கிய காசை, உருவமே கூடாதென்ற கடவுளின் கோயில் கேட்டு வாங்கியது. அதன் வெள்ளி தூய்மையானது, எடை நம்பத்தக்கது என்பதே காரணம். இதைச் சமரசம் என்று பழிப்பதைக் காட்டிலும் ஒரு தெளிந்த மெய்யியல் நிலைப்பாடு என்று கொள்வதே பொருந்தும். வணங்கப்படாத உருவம் வெறும் வடிவம்; கடவுளுக்குக் கொடுக்கப்படும்போது காசில் எஞ்சுவது எடையும் கொடுத்தவரின் கீழ்ப்படிதலும் மட்டுமே.

அதே மக்கள் உரோமுக்கு எதிராக எழுந்தபோது அந்த நிலைப்பாடு மாறியது. கி.பி. 132 முதல் 135 வரை நீடித்த பார் கொக்பா கிளர்ச்சியில் புதிய உலோகம் உருக்கி வார்க்காமல், புழக்கத்திலிருந்த உரோமக் காசுகளின் மேலேயே புதிய அச்சு அடிக்கப்பட்டது. செம்புக்காசுகளின் பழைய முகங்கள் அரத்தால் தேய்க்கப்பட்டன. பெரிய வெள்ளிக்காசுகளின்மேல், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குமுன் உரோமர் அழித்துவிட்ட கோயிலின் முகப்பு பொறிக்கப்பட்டது. இக்காசுகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் எபிரேய எழுத்துகளின் அடியில் பேரரசனின் பெயரெழுத்துகள் சிலவும், சிலவற்றில் அவனுடைய தலையின் விளிம்பும் மங்கலாகத் தெரிகின்றன. இங்கே காசு அடித்தலே ஒரு சமயச் செயலாகிறது. தீரு நகரக் காசை ஏற்றவர்களின் பேரப்பிள்ளைகள் உரோமக் காசைச் சகிக்க மறுத்தது உருவத்தின் தன்மை மாறியதால் அன்று, அந்த உருவத்தின் பெயரால் கோயில் இடிக்கப்பட்டதால்.

மெய்யியலார் காசை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தனர். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டெடஸ் என்ற ஸ்டோயிக் அறிஞர், அதாவது உள்ளத்தின் அறமே நன்மை என்று கற்பித்த மரபினர், ஒரு மனிதரின் கருத்துகளைச் சோதிப்பதைக் காசு சோதிப்பதோடு ஒப்பிடுகிறார். அச்சு டிராஜனுடையது என்றால் ஏற்றுக்கொள்ளலாம், நீரோவினுடையது என்றால் செல்லாதது என எறிந்துவிடலாம் என்பது அவர் சொல்லும் சோதனை. அச்சின் மதிப்பு உலோகத்தில் இல்லை, அதை இட்டவனின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்பதே இதன் உட்பொருள். கார்த்தேஜ் நகரத்துக் கிறித்தவரான தெர்த்துல்லியன் கி.பி. 200ஐ ஒட்டி, மேலே கண்ட நற்செய்தி நிகழ்ச்சியை விளக்கும்போது இன்னும் ஒரு படி சென்றார். காசில் சீசரின் சாயல் இருப்பதால் காசு சீசருக்குரியது. மனிதரிலோ கடவுளின் சாயல் இருப்பதால் மனிதர் கடவுளுக்குரியவர் என்று அவர் வாதிட்டார். கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்ற விவிலியத் தொடக்கக் கருத்தை வரிக்காசோடு பொருத்திய இந்த விளக்கம், கேள்வியையே தலைகீழாக்கிவிடுகிறது. புனித உருவம் உலோகத்தில் தேடப்படுவதற்குப் பதிலாக, காசைக் கையில் பிடித்திருப்பவரிடமே இருப்பதாகிறது. அவர் அடிமையாயினும் அது குறைவதில்லை.

பேரரசின் எல்லைகளில் வாழ்ந்த எளிய மக்கள் இத்தகைய நூல்களைப் படிக்கவில்லை. ஆனால் அவர்களும் காசைக் கடவுளிடம் கொண்டு சென்றனர். பிரிட்டனில் ஹேட்ரியன் கட்டிய எல்லைச் சுவரை ஒட்டிய காரோபரோவில், கொவென்டினா என்ற நீர்த் தேவதையின் ஊற்றில் 1876இல் 13,000க்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. பாத் நகரின் வெந்நீர் ஊற்றிலும் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றில் இருந்தவை பேரரசர் முகங்கள். ஆனால் இட்டவர்கள் பேரரசனுக்கு இடவில்லை. நீரில் விழுந்த நொடியில் காசு இனி எதையும் வாங்காது. விலையிலிருந்து விடுபட்டு, திரும்பக் கேட்கப்படாத கொடையாகிறது. முகத்தில் அறிவிக்கப்பட்ட தெய்வமும் காசைப் பெற்றுக்கொண்ட தெய்வமும் வெவ்வேறாக இருந்தும், இடுவோருக்கு அதில் முரண்பாடு தோன்றவில்லை.

முகத்தின் கட்டளை செல்லாத நாடுகளில் இக்காசுகள் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டன என்பதற்கு இலங்கையும் தமிழகமும் சான்று தருகின்றன. கிளாடியஸ் காலத்தில், செங்கடல் வரி குத்தகையாளர் ஒருவரிடமிருந்து விடுதலை பெற்ற ஊழியர், காற்றில் அடித்துச் செல்லப்பட்டுத் தப்ரோபனே எனப்பட்ட இலங்கையை அடைந்த கதையை உரோம எழுத்தாளர் பிளினி எழுதியுள்ளார். அவரிடமிருந்த தினாரியஸ்களில் பொறித்த தலைகள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, அந்நாட்டு மன்னன் உரோமரின் நேர்மையை வியந்தான் என்கிறார் அவர். பிளினி இதைத் தம் நாட்டுக்குப் புகழாகச் சொல்கிறார். ஆனால் அந்த மன்னன் வியந்தது முகத்தை அன்று. முகம் மாறினும் மாறாத எடையைக் கண்டான். தெய்வ உரிமை பேசும் எழுத்தை அவன் படித்திருக்கவும் முடியாது.

இந்த நோக்கே தென்னிந்தியப் புதையல்களிலும் தெரிகிறது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 500க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகளிலும், கொங்குப் பகுதியின் பிற புதையல்களிலும், மிகுதியாகக் காணப்படுவது முன்னர் விரித்துரைத்த அதே திபேரியஸ் காசு. பாலஸ்தீனத்தில் வரியாகப் பெரும் வழக்கை எழுப்பியதாகக் கருதப்படும் ஒரு காசு வகை, மிளகும் மணிகளும் முத்தும் ஏற்றிய வணிகத்தின் வழியே இங்கே வந்து, தெய்வக் கேள்வி ஏதும் எழாமல் மண்ணுக்குள் போயிற்று. அதே சமயம், பழைய உரோம வழிப்படம் ஒன்றின் இடைக்காலப் படியான பொய்ட்டிங்கர் வரைபடம், முசிறியின் அருகே ‘அகஸ்டஸ் கோயில்’ என்று ஒரு கட்டடத்தைக் குறிக்கிறது. அது உண்மையில் இருந்ததென்றால், சேர நாட்டுக் கடற்கரையிலேயே ஒரு சாரார் அந்த முகத்தை வணங்க, மலைப்பாதையில் சில நாள் தொலைவிலுள்ளோர் அதை வெள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டனர் என்றாகிறது.

புதுக்கோட்டைப் பகுதியின் கறுக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகள் இன்னும் அரியதொரு செய்தியைத் தாங்கியுள்ளன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான இக்காசுகளில் பத்தில் ஒன்பது என்ற அளவில், பேரரசனின் தலைமேல் கூரிய உளியால் ஒரு வெட்டு இடப்பட்டுள்ளது. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினர் என்பது ஒரு கருத்து. ஆனால் அதற்கு விளிம்பில் வெட்டினாலே போதும், தலையைத் தேடி வெட்ட வேண்டியதில்லை. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே எடை போடப்படும் என்று அறிவிக்கவே வெட்டினர் என்பது மற்றொரு கருத்து. வேற்றரசனின் ஆணை இங்கே செல்லாது என்று காட்டினர் என்றும் சிலர் கருதுவர். காரணம் எதுவாயினும், வெட்டியவர் காசின் எந்த இடத்தில் அதன் அதிகாரம் இருக்கிறது என்பதை நன்கு அறிந்திருந்தார். கழுகையோ ஆசனத்தில் அமர்ந்த தேவியையோ அவர் தொடவில்லை. பெரும்பாலும் கன்னத்தின் குறுக்கே ஒரே வெட்டு, பொன் சிறிதும் இழப்பாகாத வகையில். உரோம நாட்டில் கொலைத் தண்டனைக்குரியதாகியிருக்கக்கூடிய இச்செயல் இங்கே ஒரு கைத்தொழிலின் அமைதியோடு நூற்றுக்கணக்கான முறை செய்யப்பட்டிருக்கிறது.

பேரரசு கிறித்தவமானபின் காசில் எழுந்த குழப்பம் எல்லாவற்றையும் விடச் சிக்கலானது. கான்ஸ்டன்டைன் தம் ஆட்சியின் நடுப்பகுதி வரை, வெல்லப்படாத சூரியனைத் தம் தோழனாகக் காசுகளில் காட்டிவந்தார். ஆனால் கி.பி. 315இல் அடித்த வெள்ளிப் பதக்கம் ஒன்றில் அவருடைய தலைக்கவசத்தின்மேல் கிறிஸ்துவின் பெயரெழுத்துகள் கோத்த சின்னம் தோன்றுகிறது. அவர் 337இல் இறந்தபின் அவருடைய மகன்கள் அடித்த சிறு செம்புக்காசு, தேய்ந்த நிலையில் ஒன்றரை கிராம்கூட நிறுக்காத ஒன்று, இக்குழப்பத்தை முழுமையாக ஏந்தியிருக்கிறது. முன்பக்கத்தில் முக்காடிட்ட தலையும், பழைய முறைப்படியே ‘திவுஸ்’ என்ற பட்டத்தின் சுருக்கமும் உள்ளன. பின்பக்கத்தில் அவர் நாற்குதிரைத் தேரில் மேலே விரைகிறார். தலைக்கு மேலே விண்ணிலிருந்து ஒரு கை அவரை ஏற்க நீள்கிறது. அந்தக் கை பல படிகளில் ஒரு குறுணையளவே இருக்கும். தேய்மானம் மிகுந்தால் முதலில் மறைவதும் அதுவே. கான்ஸ்டன்டைனின் வாழ்க்கையை எழுதிய செசரியா நகர ஆயர் யூசெபியஸ் இக்காசை மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். அவருக்கு அது கடவுள் தம் ஊழியனை ஏற்றுக்கொள்ளும் காட்சி. சூரியனின் தேரை நினைத்த பழைய சமயத்தாருக்கோ பேரரசன் தெய்வமாகும் காட்சி. தீத்தேரில் விண்ணேறிய எலியாவை அறிந்த யூதருக்கோ வேறொன்று. ஒரே கையை மூவரும் மூன்று விதமாக வணங்கவும் மறுக்கவும் முடிந்தது. இதை அக்கசாலையாரின் தந்திரம் என்பதைவிட, கண்முன்னே சமயம் மாறிக்கொண்டிருந்த ஒரு தலைமுறை இரு மொழியிலும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்ட முயற்சி என்பதே சரி.

மூன்றரை நூற்றாண்டுகளுக்குப்பின், கான்ஸ்டான்டினோப்பிளில் ஆண்ட இரண்டாம் ஜஸ்டினியன் தம் பொற்காசின் முன்பக்கத்தில் கிறிஸ்துவின் முகத்தையே பொறித்து, தம்மை அவருடைய ஊழியன் என்று பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அன்று ஒருவர் அக்காசை நீட்டி, இந்த உருவம் யாருடையது என்று கேட்டிருந்தால் தெர்த்துல்லியன் வகுத்த பிரிவினை நிலைகுலைந்திருக்கும். வரியாகக் கொடுக்க வேண்டிய பொருளிலேயே கடவுளின் முகம் ஏறிவிட்டது. அதே பத்தாண்டில், கி.பி. 696-697இல், கலீபா அப்துல் மாலிக் உருவமே இல்லாத, இறைவனின் ஒருமையைச் சொல்லும் எழுத்துகள் மட்டும் நிறைந்த தீனார் காசை வெளியிட்டார். ஒரு புறம் உருவம் மிகுந்து கடவுளையே காசுக்குள் இழுத்தது. மறு புறம் உருவம் நீங்கி எழுத்தே உருவத்தின் இடத்தைப் பெற்றது. உரோமக் காசு எழுப்பிய கேள்விக்கு இவ்விரண்டும் விடைகளே.

இக்கேள்வியோடு காசுகளைச் சேகரிப்போரும் படிப்போரும் இதில் எங்கே நிற்கின்றனர் என்பதும் ஆராயத்தக்கது. 1354இல் மாந்துவா நகரில் பேரரசர் நான்காம் சார்லஸைச் சந்தித்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், தாம் சேர்த்துவைத்திருந்த உரோமக் காசுகள் சிலவற்றை அவருக்குக் கொடுத்து, அவற்றில் உள்ளோரைப் பின்பற்றி ஆளுமாறு வேண்டினார்; எபிக்டெடஸின் எண்ணம் வேறொரு வடிவில் மறுபிறப்பு எடுத்தது போன்ற செயல் அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோசப் எக்கெல் காசுகளை ஒழுங்குபடுத்தும் அறிவியலை நிறுவினார். 1923இல் வெளிவரத் தொடங்கிய ‘உரோமப் பேரரசுக் காசுகள்’ என்ற ஆங்கிலத் தொகுதி வரிசை ஒவ்வொரு அச்சுக்கும் ஓர் எண் தந்தது. இவற்றின் பயன் அளவிட முடியாதது. ஆனால் இந்த ஒழுங்கு முகத்தையும் எழுத்தையும் அக்கசாலையையும் கொண்டு கட்டப்பட்டது. விலையும் அவற்றின் தெளிவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. வெட்டுப்பட்ட காசு, காசுமாலைக்காகத் துளையிட்ட காசு, முகம் தேய்க்கப்பட்ட காசு ஆகியவை சந்தையில் குறையுள்ளவை.

இதுவரை கண்ட சான்றுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன. அறிவித்த தெய்வநிலை முகத்தில் இருந்தது. மனிதர் உண்மையில் என்ன நம்பினர் என்பது அவர்கள் அந்தக் காசை வைத்துச் செய்ததில் இருந்தது: மறைத்தது, எறிந்தது, தேய்த்தது, மேலே வேறு அச்சு அடித்தது, வெட்டியது, நீரில் இட்டது. அச்செயல்களின் தடம் காசின்மீது சிறிதளவும், காசு கிடந்த இடத்தில் பெருமளவும் எஞ்சுகிறது. ஆகவே ஒரு புதையலை உடைத்து, அழகிய முகங்களை மட்டும் தெரிந்தெடுத்து, கிடைத்த ஊரையும் உடன் கிடைத்தவற்றையும் குறிக்காமல் விற்கும் வழக்கம் வரலாற்றுக்கு மட்டுமன்று, சமயத்தைப் பற்றிய அறிவுக்கும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. காரோபரோ ஊற்றில் காசுகளோடு பலிபீடங்களும் எழுத்துப் பொறித்த கற்களும் ஒன்றாகக் கிடைத்ததனால்தான் கொவென்டினா என்ற தேவதையின் பெயர் இன்று தெரிகிறது. காசுகள் மட்டும் தனியே விற்பனைக்கு வந்திருந்தால் அவை வெவ்வேறு பேரரசர்களின் பெயர்களுக்குக் கீழே, சாதாரணச் செம்புக்காசுகளாக, பட்டியலில் இடம்பெற்றிருக்கும்.